அந்தப் பொருளை யார் கொடுத்தது? மந்திரப் பரிசுக் கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

மந்திரப் பரிசு பற்றிச் சிறுவர் கதை எழுத வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பறக்கும் பாய், பேசும் பேனை, கேட்டதெல்லாம் தரும் மோதிரம். கொப்பியின் முதற் பக்கத்தில் அந்தப் பொருள் என்னென்ன செய்யும் என்று நீளமாக எழுதியிருப்பார்கள். கதை மூன்றாம் பக்கத்தில் நின்றுபோயிருக்கும். நான் கேட்கிற முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அதை யார் கொடுத்தது?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மழை பெய்தால் நாலைந்து பேர். வாங்கில்களைச் சுவரோடு ஒதுக்கிப் பாயை விரித்தால் இடம் தயார். அங்கே சொன்ன கதைகளில் எவற்றைப் பிள்ளைகள் திரும்பக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மோதிரம் என்ன நிறம் என்று யாரும் கேட்டதில்லை. "அந்த அப்பு பிறகு எங்க போனவர்?" என்று, அதைக் கொடுத்த கிழவரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

முதலில் கொடுக்கிறவர்

கொப்பியில் பொருளின் பெயரை இப்போது எழுத வேண்டாம். கொடுக்கிறவரைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். அவருக்கு என்ன வயது, எங்கே இருக்கிறார், எதில் கெட்டிக்காரர், அந்தப் பொருளைக் கொடுத்த பிறகு அவரிடம் என்ன குறைந்துபோகும். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒன்றும் குறையாத கையிலிருந்து வருகிற பரிசில் கதை முளைப்பது கஷ்டம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் நல்ல வசதி ஒன்று உண்டு. கொடுக்கப்படும் பொருளுக்கு எங்களிடம் பல பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு மாதிரியான ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். வரம் என்றால் தெய்வமோ முனிவரோ தர வேண்டும். அது கேட்டுப் பெறுவது, ஆகவே கேட்கத் தெரியாமல் கேட்டு மாட்டுப்படவும் செய்யலாம். பரிசு என்றால் எதிலாவது வென்றிருக்க வேண்டும். தோற்றுப்போன ஒருவரும் எங்காவது இருப்பார். கைவிசேஷம் சித்திரை வருடப் பிறப்பன்று பெரியவர்கள் கையால் கிடைப்பது. இளையவராகப் பிறந்ததைத் தவிர அதற்கு வேறு தகுதி தேவையில்லை. முதுசம் முன்னோரிடமிருந்து வருவது. ஏன் எனக்குத் தந்தீர்கள் என்று கேட்க ஆள் இருக்காது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கைச் சொல்லும் எங்கள் தேசவழமைச் சட்டமே முதுசத்தையும் சீதனத்தையும், கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டத்தையும் வேறுவேறாகத்தான் வைத்துப் பார்க்கிறது. உங்கள் கதைப் பொருள் இவற்றில் எது என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கதை கையில் வந்துவிடும். கைவிசேஷமாகக் கிடைத்த மந்திரக் காசும் முதுசமாகக் கிடைத்த மந்திரக் காசும் ஒரே கதையைத் தராது.

யாழ்ப்பாணம் என்ற பெயருக்கே ஒரு பரிசுக் கதைதான் சொல்கிறார்கள். கண் தெரியாத யாழ்ப்பாடி ஒருவன் அரசன் முன் யாழ் வாசித்தான், மகிழ்ந்த அரசன் மணற்பாங்கான இந்த நிலத்தைப் பரிசிலாகக் கொடுத்தான் என்பது ஐதீகம். இதைச் சொன்னபோது ஒரு சின்னவள் கேட்டாள்: "கண் தெரியாதவருக்கு எவ்வளவு காணி தந்தது எண்டு எப்பிடித் தெரியும்?" எனக்குப் பதில் வரவில்லை. யாராவது அவன் கையைப் பிடித்து அந்த மணலைச் சுற்றி நடத்திக் காட்டியிருக்க வேண்டும். அது யார்? இந்த ஒரு கேள்வியை வைத்தே நீங்கள் ஒரு கதை எழுதலாம்.

நான் வாங்கிய ஒரு பரிசையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் மாதிரி. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு எண்ணெய், மெல்லிய திரி: அதுதான் வீட்டு விளக்கு. றேடியோவில் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்பார்கள். நான் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, பக்கத்து வளவு ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்து, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்தா. உள்ளே பாதியளவு மண்ணெண்ணெய். "எனக்கு என்னத்துக்கு மோனை வெளிச்சம், நான் வெள்ளனப் படுக்கிறனான்" என்று சொல்லி, திண்ணையில் வைத்துவிட்டுப் போயிட்டா. அன்றிரவு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆச்சி வீடு இருட்டாக இருந்தது. ஆனால் ஆச்சி படுக்கவில்லை. பாக்கு இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மந்திர விளக்குக் கதைகள் பல வாசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மந்திர விளக்கு அதுதான். தந்தவரின் முகம் தெரியும், அவருக்கு என்ன குறைந்தது என்று தெரியும், எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்றும் தெரியும். உங்கள் கதையில் தேவதை வரட்டும், பூதம் வரட்டும், அவர்களுக்கும் இந்த ஆச்சிக்கு இருந்தது போல ஓர் இருட்டு வீடு இருக்கட்டும்.

முகம் தெரியாத கொடையாளரை வைத்தும் எழுதலாம். பழைய வீடுகளின் சங்கடப் படலையைப் பார்த்திருப்பீர்கள். கூரை போட்ட அந்த வாசல் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவதற்கு. தெருவோரச் சுமைதாங்கி, தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்றுவதற்கு. பருத்தித்துறையின் தெருமூடிமடம் தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, நடந்து வருகிறவருக்குத் திண்ணையும் வைத்துக் கட்டியது. குளத்தடியில் நிற்கும் ஆவுரஞ்சிக் கல் மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்வதற்கு. மாட்டுக்கும் ஒரு பரிசை நட்டு வைத்த ஊர் இது! இவையெல்லாம் தனக்குத் தெரியாத யாருக்கோ யாரோ கொடுத்தவை. உங்கள் ஊரில் சுமைதாங்கி ஒன்று மிஞ்சியிருந்தால் பொழுதுபடும் நேரத்தில் அதன் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். ஊர் உறங்கிய பிறகு அதில் யார் வந்து சுமை இறக்குவார்கள், என்ன சுமை என்று யோசியுங்கள்.

பொருளை வீட்டுக்குள் தேடுங்கள்

இப்போது பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். மந்திரக்கோலும் கண்ணாடிச் செருப்பும் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவை. அவற்றின் பாரம் என்ன, மணம் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. குசினிக்குள் போய்ப் பாருங்கள். சுளகு, திருவலை, நீத்துப்பெட்டி, பனங்கட்டி வைத்த குட்டான். கிணற்றடியில் துலாக்கயிறு. மாரி முடிந்து காற்று எழும்பினால் பட்டத்தில் பூட்டுகிற விண். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறும்போது விண் கூவுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, அது ஏதோ சொல்ல வருகிறது என்று தோன்றாமல் இருக்காது. என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் விளங்கினால் கதை தொடங்கிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது பிளா. பச்சைப் பனை ஓலையை வள்ளம் மாதிரிக் கோலி மடித்துக் கட்டினால் பிளா. ஒடியற் கூழை அதில் வார்த்துக் குடித்தால் ஓலையின் மணமும் கூழோடு சேர்ந்து இறங்கும். நான் அந்தக் கதையைக் கட்டிய விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கதைக்கு வேறு பொருள் எடுங்கள், வழி இதுவாக இருக்கலாம்.

பூரணி என்ற பிள்ளை ஒரு மத்தியான வெயிலில் சங்கடப் படலையில் ஒதுங்கிய அப்பு ஒருவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கிறாள். அவர் குடித்துவிட்டு, தோளில் கிடந்த ஓலையில் ஒன்றைக் கிழித்து அங்கேயே ஒரு பிளா மடித்து அவளிடம் கொடுக்கிறார். "இதில நீ ஆருக்குத் தண்ணி வார்த்துக் குடுத்தாலும், அவைக்கு எதில தாகமோ அது கிடைக்கும்." பூரணி கிணற்றுத் தண்ணீரை வார்த்துத் தம்பிக்குக் கொடுக்கிறாள். அவன் நாக்கில் நல்லூர்த் திருவிழாவில் குடித்த சர்பத். அம்மம்மாவுக்குக் கொடுக்கிறாள். அம்மம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறா. பிறகு, "இது எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியெல்லே" என்கிறா. அவ சின்ன வயதில் விட்டுவந்த வீடு அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தம்பிக்குக் கிடைத்த சர்பத் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். அம்மம்மாவின் தண்ணீர் வரும்போது பாயில் இருக்கிறவர்கள் அமைதியாகிவிடுவார்கள். இரண்டும் வேண்டும். சிரிப்பு முன்னால் வர வேண்டும்.

விதி ஒன்று போதும்

எல்லையில்லாத மந்திரம் இரண்டாம் பக்கத்திலேயே சலித்துவிடும். மகாபாரதத்தின் அட்சய பாத்திரத்தைப் பாருங்கள். எத்தனை பேர் வந்தாலும் சோறு தரும், ஆனால் அன்றைக்குத் திரௌபதி உண்டு முடிக்கும் வரைதான். இதைச் சொன்ன உடனேயே பிள்ளைகள் கேட்பார்கள்: "அவ சாப்பிட்ட பிறகு ஆரும் வந்தா?" ஆள் வரத்தான் செய்கிறார். துர்வாசர், பெருங்கூட்டமாகச் சீடர்களோடு. விதியைச் சொல்லும்போதே அடுத்த காட்சி கேட்பவர் மனதில் பிறந்துவிடுகிறது. நல்ல விதிக்கு அதுதான் அடையாளம்.

பிளாக் கதையை முதன்முதலில் சொன்னபோது நான் மூன்று விதி வைத்திருந்தேன். பூரணி தனக்கு வார்த்துக் குடிக்கக் கூடாது, ஒருவருக்கு ஒருமுறைதான், ஓலை காய்ந்தால் மந்திரம் போய்விடும். கதை பாதி வரும்போது பிள்ளைகளுக்கு இரண்டு மறந்துபோய்விட்டது, சொல்லிக்கொண்டிருந்த நானும் ஒன்றை மீறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மற்ற இரண்டையும் வெட்டிவிட்டு ஓலை காய்வதை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. அந்த விதி பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பச்சை ஓலை காயும் என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. விதியைத் தேடும்போது உங்கள் பொருள் எப்படிப் பழுதாகும் என்று முதலில் கேளுங்கள். கயிறு தேயும், சுளகின் விளிம்பு விடும், விண் காற்று விழுந்தால் நின்றுவிடும். அங்கேயே உங்கள் விதி இருக்கும்.

அடுத்த ஞாயிறு அந்தக் கதையைத் திரும்பச் சொன்னேன். "மாலையானதும் ஓலை சுருளத் தொடங்கியது" என்ற இடத்தில் ஒரு பெடியன் கையைத் தூக்கினான். அவனுடைய அம்மா பெட்டி இழைக்கிறவ.

"காஞ்ச ஓலையைத் தண்ணியில ஊறப்போட்டா விரியும் தானே? அம்மா அப்பிடித்தான் செய்யிறவ."

அவன் சொன்னது முழுக்க உண்மை. இழைக்கிறதுக்கு முன் ஓலையை நனைத்துத்தான் பதப்படுத்துவார்கள். என் கதை அந்த இடத்தில் உடைந்துபோனது. இப்படியான நேரத்தில் புதியவர்கள் "இது மந்திர ஓலை, விரியாது" என்று சமாளிக்கப் பார்ப்பார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தன் தாயின் கையிலிருந்து தெரிந்த உண்மையைக் கதைக்காக மறுக்கக் கூடாது. நான் கதையை நிறுத்தி, "நனைச்சா விரியும், சரி. நிறம் என்னவாகும்?" என்று அவனிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "விரியும். ஆனா பச்சை திரும்பி வராது."

அன்றையிலிருந்து விதி அதுதான்: பச்சை இருக்கும் வரைக்கும் மந்திரம். இப்போது கதையில் பூரணியும் ஓலையை ஊறப்போட்டுப் பார்க்கிறாள். ஓலை விரிகிறது, அவள் துள்ளுகிறாள், தண்ணீர் வார்க்கிறாள். மங்கிப்போன பக்கத்தால் குடித்த மாமிக்கு வெறுந்தண்ணீர்தான் கிடைக்கிறது. பெடியன் உடைத்த இடம்தான் இன்றைக்குக் கதையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற இடம்.

கிடைத்தவருக்கும் ஒரு தடுமாற்றம் வேண்டும்

பரிசு கிடைத்ததும் பிள்ளை அதைச் சரியாகப் பயன்படுத்திவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் பரிசு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கனடாவிலிருந்து மாமா வந்து பெட்டியைத் திறக்கிறார். சவர்க்கார மணமும் சொக்கிலேற் மணமும் கலந்து வரும். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அண்ணனுக்கு வந்த சட்டை அளவில்லை. மூன்று பேருக்கு இரண்டு பொம்மை. வராத ஒரு சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லி அம்மா கண்ணால் காட்டுவா. புதுப் பென்சில் பெட்டி கிடைத்தவள் ஒரு மாதமாக ஒன்றைக்கூடச் சீவாமல் திறந்து திறந்து மூடுவாள். பொறாமை, ஏமாற்றம், முடிந்துவிடுமே என்ற பயம். பறக்கும் பாய் கிடைத்த பிள்ளைக்கும் இதெல்லாம் வரும். நீங்கள் எழுத வேண்டியது அதைத்தான்.

பழந்தமிழ்க் கொடைக் கதைகளில் இதற்கு இரண்டு நல்ல மாதிரிகள் இருக்கின்றன. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் அதைப் போர்த்துக்கொள்ளாது. பொருத்தமில்லாத பரிசு, ஆனால் கொடுத்த மனம் பெரியது. பொருந்தாத பரிசு ஒன்று வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. அதியமான் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தபோது அதன் பயனைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். பரிசின் உண்மையை ஒருவர் மறைத்தே கொடுக்கிறார் என்பது உங்கள் கதைக்கு ஒரு பெரிய கதவு. எப்போது தெரியவரும், தெரிந்த பிறகு வாங்கியவர் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

பரிசு எங்கே போய்ச் சேரும்

முடிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொருள் உடைந்துவிட்டது, கனவு கலைந்துவிட்டது என்று முடிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். என் அனுபவத்தில், பரிசு இன்னொரு கைக்கு நகர்ந்தால்தான் கதை தானாக முடிகிறது.

மணிமேகலையின் அமுதசுரபியை இதற்காகவே படித்துப் பாருங்கள். மதுரையில் சிந்தாதேவி அதை ஆபுத்திரனுக்குக் கொடுக்கிறாள். அவன் ஊரெல்லாம் பசியாற்றுகிறான். பிறகு நாட்டில் நல்ல மழை பெய்கிறது, விளைச்சல் பெருகுகிறது, பசியோடு வர ஆளே இல்லை. பாத்திரம் நிறைந்திருக்கிறது, வாங்கக் கை இல்லை! பசித்தவர்களைத் தேடிக் கப்பல் ஏறியவன் வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் தன் வயிற்றுக்கு மட்டும் அதை வைத்திருக்க மனமில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை மேலே வா என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிடுகிறான். பல காலம் கழித்து, வைகாசிப் பூரணையில் அது மணிமேகலையின் கையில் வந்து ஏறுகிறது. அதில் முதற் பிச்சை இடுகிறவள் ஆதிரை. ஒரு பாத்திரம், எத்தனை கைகள்! அந்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று கருதுகிறவர்கள் பலர். பிள்ளைகளைக் குறிகட்டுவானில் படகேற்றிக் கூட்டிக்கொண்டு போகும்போது, நடுக் கடலில் வைத்து இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பூரணியின் கதைக்கு முடிவு கிடைக்க எனக்குப் பல வாரம் எடுத்தது. பொழுதுபடுகிறது, ஓலையில் ஈர்க்கோடு ஒட்டிய ஒரு கீற்றுப் பச்சைதான் மிச்சம். கடைசியாக யாருக்கு வார்ப்பது? வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கு என்றார்கள் சிலர். மாட்டுக்கு என்றான் ஒருவன். அவனுக்கு நல்ல மனம். ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று இருந்ததே, அந்த அப்பு பிறகு எங்கே போனார் என்று. பதில் அதற்குள் இருந்தது. பூரணி செம்பையும் பிளாவையும் எடுத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறாள். அப்பு சுமைதாங்கியடியில் ஓலைக் கட்டை இறக்கிவிட்டு இருக்கிறார். வார்த்துக் கொடுக்கிறாள். அவர் குடிக்கிறார். "என்ன அப்பு, என்ன ருசி?" "தண்ணி பிள்ளை." பூரணிக்கு முகம் வாடிவிடுகிறது. பச்சை முடிந்துவிட்டது என்று நினைக்கிறாள். அப்பு வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "மத்தியானம் படலையில நீ தந்தியே, அந்தத் தண்ணி."

இதற்குப் பிறகு ஒரு வரிகூட நான் சேர்ப்பதில்லை. இதனால் அறிவது என்னவென்றால் என்று நீங்களும் தொடங்க வேண்டாம். தொடங்கினால் பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள்.

வாய்க்கு வருகிற தமிழ்

கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கலாம். ஆட்கள் பேசும் இடத்தில் எங்கள் பேச்சு வர வேண்டும். அப்பு ஒருவர் "சிறுமியே, எனக்கு நீர் வேண்டும்" என்று கேட்டால் பாயில் இருக்கும் பிள்ளைக்கு அவர் அந்நியர். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியோ பிள்ளை?" என்றால் தன் தாத்தாவின் குரல் கேட்கும். அம்மம்மா யார், அப்பம்மா யார் என்று தெளிவாக எழுதுங்கள். பொதுவாகப் 'பாட்டி' என்று போட்டுவிட்டால் எந்தப் பக்கத்து உறவு என்பதே போய்விடும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறீர்களா? சொல்லை மாற்ற வேண்டாம். பிளா என்று எழுதிவிட்டு, அதை மடிக்கிற கையை இரண்டு வரியில் காட்டுங்கள், விளங்கிவிடும்.

ஐந்தாறு வயதுக்காரருக்கு ஒரு வரி திரும்பத் திரும்ப வர வேண்டும். பிளாக் கதையில் ஒவ்வொருவரும் குடித்து முடிந்ததும் "ஓலை இன்னும் பச்சை" என்பேன். மூன்றாவது தடவையில் எனக்கு முன்னால் அவர்கள் கத்திவிடுவார்கள். கடைசித் தடவை அந்த வரியைச் சொல்லாமல் நிறுத்துவேன். அந்த மௌனம் எழுத்திலும் வரும். ஒரு பக்கத்தைப் படத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். நீளத்தைப் பொறுத்தவரை, சின்னவர்களுக்கு வாய்விட்டு வாசித்தால் ஐந்தாறு நிமிடம், பத்து வயதுக்காரருக்குக் கால் மணித்தியாலம் போதும்.

எழுதியதை வாசித்துக் காட்டும்போது பென்சிலைக் கையில் வைத்திருங்கள். எந்த வரியில் பாயின் கோரையைப் பிடுங்கத் தொடங்குகிறார்களோ, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி போடுங்கள். வீட்டுக்கு வந்து அதை வெட்டுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு மிகவும் பிடித்த வர்ணனையாக இருக்கும். வெட்டத்தான் வேண்டும்.

வாசிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மறுபடி எழும்பி நிற்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போயிருந்து, மணிமேகலையை உரைநடையிலும், புறநானூற்றில் வள்ளல்களைப் பற்றிய பாட்டுகளை உரையோடும் படியுங்கள். ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களும் இதழ்களும் வேண்டுமென்றால் நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதோடு உங்கள் வீட்டில் வயது போனவர் யாராவது இருந்தால், அவர் சின்ன வயதில் வாங்கிய ஒரு பரிசைப் பற்றிக் கேளுங்கள். என்ன பொருள் என்று கேட்க வேண்டாம். யார் தந்தது என்று கேளுங்கள், பொருள் தானாக வரும்.

கையில் கொடுக்கிற மாதிரி

கதை நின்றுபிடிக்கிறது என்று தெரிந்தால் அச்சகத்துக்கு ஓட வேண்டாம். ஏ4 தாள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நடுவே மடித்தால் எட்டுப் பக்கம் வரும். முதற் பக்கம் அட்டை, கடைசிப் பக்கம் வெறுமை, நடுவில் ஆறு பக்கம். பிளாக் கதை அதற்குள் அடங்கிவிட்டது. ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள், மிச்ச இடம் படத்துக்கு. உங்களுக்குக் கீறத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள், வாங்குகிற பிள்ளை கீறட்டும். அட்டையின் உட்பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும், உங்கள் பெயரையும், நாளையும் எழுதுங்கள்.

சின்ன ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது. மடிப்பில் மூன்று துளை போட்டுத் தடித்த நூலால் தைப்பது நல்லது. நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி, மேல் துளை, கீழ்த் துளை என்று போய், திரும்ப நடுத்துளைக்கு வாருங்கள். முடிச்சை உட்பக்கமாகப் போடுங்கள். வெளியே போட்டால் இழுத்துப் பார்ப்பார்கள்.